அப்பாவுக்கு இரண்டு வரி, அம்மாவுக்கு மூன்று பக்கம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி பன்னிரண்டே கால். பகலில் எழுதலாம் என்றால் பகலில் ஆபீஸ், சாயங்காலம் பொடிசு, அதற்குப் பிறகு பாத்திரம். கோபப்படுவதற்கென்று எனக்கு மிச்சமாகிற நேரமே இதுதான். நீங்கள், அண்ணா, பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அடித்துவிட்டேன்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஃபோனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" கொட்டுவேன். ஒரு பள்ளிக்கூடத்தையே விரலசைவில் உட்கார வைக்கிற தலைமையாசிரியையிடம் குறுக்கே பேச எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் கடிதம். சிவப்புப் பேனாவை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள். பிழை இருந்தால் அது கோபத்தில் வந்தது, படிக்காததால் வந்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டரை மாதத்துக்கு முன்னால் பொடிசுக்கு வீசிங் வந்து, மூன்று வயதுக் குழந்தை மூச்சை இழுத்து இழுத்து என் தோளிலேயே தூங்கிப்போன மறுநாள் நீங்கள் ஃபோன் பண்ணினீர்கள். "நீ மாசமா இருந்தப்ப ஏசி ரூம்ல உட்கார்ந்து வேலை பார்த்தியே, அந்தக் குளிர்தான் குழந்தை நெஞ்சுல இறங்கியிருக்கு" என்றீர்கள். நான் "ம்" கொட்டினேன். இதற்கு முந்தின தடவை வீசிங் வந்தபோது நீங்கள் சொன்ன காரணம், நான் குடித்த ஐஸ் தண்ணீர். அதற்கு முந்தின தடவை, எட்டாம் மாதத்தில் நான் படியேறினது. சளி பிடித்த அன்றைக்கு, கர்ப்பமாக இருக்கும்போது நான் துப்பறியும் கதை படித்தது. துப்பறியும் கதைக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, "ம்" கொட்டினேன். அன்றைக்கு ஏசியைச் சொல்லி முடித்த அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? "சீக்கிரம் ரெண்டாவது பெத்துக்கோ, பொடிசுக்கு ஒரு துணை வேண்டாமா?" ஆக, முதல் பிள்ளையைக் கெடுத்தவளும் நான், இரண்டாவதைப் பெற வேண்டியவளும் நான். இதில் உங்கள் தம்பி எங்கே வருகிறார்? அவர் எங்கேயோ ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் அவர் பங்கு.

சரி, பெரியவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன். மறுநாள் குழந்தைகள் கிளினிக்கில் அந்தப் படிவத்தைக் கொடுத்தார்களே, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. என் பிழைப்பே படிவம் பார்ப்பதுதான் என்று உங்களுக்குத் தெரியும். காப்பீட்டு ஆபீசில் நஷ்ட ஈடு கேட்டு வருகிற படிவம் ஒரு நாளைக்கு நூற்றுக்குக் குறையாமல் என் மேஜையைத் தாண்டிப் போகிறது. எந்தக் கட்டம் காலி, எந்தக் கட்டத்தில் பொய் என்று மேலிருந்து கீழே ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன், மேனேஜரே என்னிடம்தான் கொண்டுவருவார். அந்தக் கண்ணோடு பார்க்கிறேன், அம்மாவுக்கு மூன்று பக்கம், முப்பத்தொரு கேள்வி. கர்ப்ப காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு தூங்கினீர்கள், மாத்திரை, மன அழுத்தம், எத்தனை மணி நேரம் நின்றீர்கள், பக்கத்தில் யாராவது புகை பிடித்தார்களா. அப்பாவுக்கு இரண்டு வரி. பெயர், தொலைபேசி எண். அக்கா, தெருமுனையில் ரெண்டு ஸ்கூட்டர் மோதிக்கிட்டாக்கூட நாங்க ரெண்டு வண்டிக்காரங்களையும்தான் கேக்கறோம்!

கவுன்டரில் இருந்த பெண்ணிடம் போய் நின்றேன். "அப்பாவைப் பத்தி எழுத இதுல இடமே இல்லையே?"

"பேர் எழுதியாச்சா?"

"ஆச்சு."

"நம்பர்?"

"ஆச்சு."

"அவ்வளவுதாம்மா அப்பா. அடுத்து யாரு?"

அந்தக் கோபத்தோடதான் டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். அவங்க பொடிசு முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வெச்சுக் கேட்டு முடிக்கிற வரைக்கும் பொறுத்துக்கிட்டு, படிவத்தை நீட்டி, இது என்ன நியாயம்னு கேட்டேன். சிரிச்சுட்டாங்க. "நியாயமான கேள்விதான். கரு உண்டாகிறதுக்கு முன்னாடி அப்பா எப்படி இருந்தார்ங்கறதும் முக்கியம்னு இப்ப நிறைய ஆராய்ச்சி வருது. சிகரெட், குடி, உடம்பு எடை, சாப்பாடு, தூக்கம், வேலை செய்யற இடத்துல இருக்கற புகை, ரசாயனம், எல்லாமே. விந்தணு உருவாகி முதிர்றதுக்கே ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். அந்த மூணு மாசம் அவர் வாழ்ந்த வாழ்க்கையோட தடம் அதுல இருக்க வாய்ப்பு உண்டு" என்றாங்க. "அப்ப இவளுக்கு வீசிங் வந்தது அவராலயா?" என்றேன் ஆசையா. ஆசையாத்தான் கேட்டேன், உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும். "இந்தக் குழந்தைக்கு இதனாலதான்னு யாராலும் கை காட்டிச் சொல்ல முடியாதும்மா. அவராலன்னும் சொல்ல முடியாது, உங்களாலன்னும் சொல்ல முடியாது" என்றாங்க. அந்தக் கடைசி மூணு வார்த்தையைப் படிவத்துக்குப் பின்னால எழுதி, தேதி போட்டு வெச்சிருக்கேன். நீங்க அடுத்த தடவை வரும்போது காட்டறேன். அவங்க இன்னும் ஏதோ கேட்டாங்க, இப்ப வீட்டுல யாராவது புகை பிடிக்கறாங்களா, குழந்தை பக்கத்துல வர்ற துணியில சிகரெட் வாசனை இருக்கான்னு. அவர் வெளியிலதான் பிடிப்பார்னு ஒரு வரியில பதில் சொல்லிட்டு நான் திரும்ப அந்த மூணு மாசத்துக்கே வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தலைப்பில் "தந்தையார் பக்கம்" என்று எழுதி, அதே முப்பத்தொரு கேள்வியையும் ஆண்பாலுக்கு மாற்றி எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் உங்கள் தம்பியை உட்கார வைத்து, பொடிசு வயிற்றில் வருவதற்கு முந்தின மூன்று மாதத்தை விசாரித்தேன். எதிரில் மாமா. அதுதான் தப்பு. உங்கள் அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?"

"கல்யாணம் ஆன புதுசு. சந்தோஷமா இருந்தேன். அதனால கொஞ்சம் கூடுதல்."

"எண்ணிக்கை கேட்டேன்."

"பன்னெண்டு. நைட் டூட்டின்னா எண்ணலை."

"தூக்கம்?"

"யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா எழுந்து ஓடணுமே. அவங்க மாட்டிக்கிட்டு இருக்கறப்ப நான் தூங்க முடியுமா?"

"சாப்பாடு?"

"மோட்டார் ரூம்ல, நின்னுக்கிட்டே. பிஸ்கட், சோடா."

"உடற்பயிற்சி?"

"லிஃப்ட் கெட்டுப்போச்சுன்னாதானே என்னைக் கூப்பிடறாங்க? படியேறித்தான் போவேன்."

இதையெல்லாம் எழுதி முடித்ததும், மனுஷன் தலையைக் குனிவார், "உன்னையே எல்லாரும் சொல்லிட்டாங்களே" என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முகம் மலர்ந்ததுக்கா! தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, புதையல் கிடைத்தவர் மாதிரி மாமா பக்கம் திரும்பினார்.

"அப்பா, நான் பொறக்கறதுக்கு முந்தின மூணு மாசம் நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பஸ் ஓட்டிட்டிருந்தேன். வேற என்ன பண்ணுவேன்?"

"சிகரெட்?"

"போற ட்ரிப்புக்கு ஒண்ணு, வர்ற ட்ரிப்புக்கு ஒண்ணு."

"எத்தனை ட்ரிப்?"

"போக எட்டு, வர எட்டு."

"பாத்தியா!" என்று என்னிடம் மேஜையைத் தட்டினார். "பதினாறு! நான் பன்னெண்டுதான். என் பொண்ணுக்காக நான் நாலு குறைச்சிருக்கேன். என்னைக் கேள்வி கேக்கறே, நானே பாதிக்கப்பட்டவன்!"

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னை ஏண்டா சொல்றே? எங்கப்பா சுருட்டு. அவர் பிடிச்ச சுருட்டுக்கு நான் பஸ்ஸே ஓட்டியிருக்கக் கூடாது, படுத்த படுக்கையா கிடந்திருக்கணும்" என்று சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் தாத்தா படத்தைக் காட்டினார். படத்தில் பெரியவரின் விரலிடுக்கில் நிஜமாகவே சுருட்டு. அப்பாவும் பிள்ளையும் எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்று, "ஆமாம்டா", "ஆமாம்ப்பா" என்று ஒற்றுமையாகத் தலையாட்டினார்கள். ஐந்தே நிமிஷம். மூணு தலைமுறை ஆம்பளைங்க கையைக் கையைக் காட்டி, கடைசியில குற்றவாளி யாருன்னா, கண்ணாடி போட்டு ஆணியில மாட்டின ஒருத்தர். அவர் வந்து எந்தப் படிவத்துல கையெழுத்துப் போடப் போறார்? அம்மான்னா பழி நேரா வந்து மடியில உட்கார்ந்துக்குது, எழுந்திருக்கவே மாட்டேங்குது. அப்பான்னா அதுக்கு இறக்கை முளைச்சுடுது. அக்கா, நீங்களும் அதே பதினாறு சிகரெட்டுக்குப் பிறந்தவங்கதான். நல்லாத்தான் இருக்கீங்க. கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம்னு உங்க தம்பி சொல்றார். நான் சொல்லலை.

ஆறு நாள் பொருமிவிட்டுச் சனிக்கிழமை ஒரு நிபந்தனை போட்டேன். இரண்டாவது குழந்தை எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இன்னொரு பிஞ்சு மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டே, அதற்கும் நான்தான் காரணம் என்று ஃபோனில் "ம்" கொட்ட என் உடம்பில் தெம்பு இல்லை. அதனால் உங்கள் தம்பி நூறு நாள் ஒழுங்காக இருக்க வேண்டும். சிகரெட் கூடாது, நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தொப்பை இறங்க வேண்டும். டாக்டரம்மா சொன்னது மூன்று மாதம். மேலே போட்ட பத்து நாள் காப்பீட்டு ஆபீஸ் புத்தி. ஒரு நாள் தவறினாலும் திரும்ப முதலிலிருந்து. நூறு கட்டம் போட்ட அட்டவணையை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தினமும் ஒரு கட்டத்துக்குப் பச்சை வர்ணம் தீட்டுவது பொடிசின் பொறுப்பு. எதற்கு என்று கேட்டாள். அப்பா பாஸாகறாரான்னு பார்க்கறோம் என்றேன்.

அந்த நூறு நாளில் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? உங்கள் தம்பி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார், செய்தால் ஒரேயடியாகத்தான். ஃபோனைக் கால்சட்டைப் பையில் வைத்தால் ஆகாது என்று யாரோ சொன்னார்களாம், பொடிசின் பழைய தண்ணீர் பாட்டில் வாரைக் கழுத்தில் மாட்டி, அதில் ஃபோனைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இறுக்கமாக உடுத்தக் கூடாது, சூடு ஆகாது என்று இரண்டு சைஸ் பெரிய கால்சட்டை வாங்கினார். ஒரு கட்டடத்தில் ஐந்து பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு கத்துகிறார்கள், இவர் ஏணியில் ஏறிக் கதவை நெம்புகிறார், கதவு பக்கவாட்டில் விலகவும் கால்சட்டை கீழே போகவும் சரியாக இருந்ததாம். முக்கால் மணி நேரம் இருட்டில் இருந்தவர்கள் வெளிச்சத்தில் முதலில் பார்த்தது அதைத்தான். கம்பெனிக்குப் புகார் போயிருக்கிறது. சிகரெட் இல்லாமல் கை சும்மா இருக்கவில்லை என்று வீட்டில் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். பூட்டைக் கழற்றினார், மிக்ஸியைக் கழற்றினார், வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டினபோது மூணு ஸ்க்ரூ மிச்சம். "அதெல்லாம் தேவையில்லாத ஸ்க்ரூ" என்றார். மெஷின் இப்ப துவைக்கறப்ப சமையலறையிலேர்ந்து ஹால் வரைக்கும் நடந்து வருது. இந்த மனுஷன்தான் ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் பார்த்துக்கறார்னு நெனச்சேன், அன்னியிலேர்ந்து ஆபீசுக்கு நாலு மாடியும் படிதான்.

இதுல மாமாவுக்கு ஒரே பெருமை. பிள்ளை விரதம் மாதிரி இருக்கறான்னு அவரே காய்கறி வாங்கிட்டு வந்து நறுக்கித் தர்றார். அதோட நிறுத்தினாரா? வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கார், பால்காரர்கிட்ட சொல்லியிருக்கார், கீழ்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாகிட்ட முழு விளக்கத்தோட சொல்லியிருக்கார். நான் குப்பை கொட்டப் போனா, "இன்னிக்கு எத்தனாவது நாள்?"னு கேக்கறாங்க. நாப்பத்தஞ்சாவது நாள் டைப்பிஸ்ட் அம்மா ஆறு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து குடுத்து, "தம்பிக்கு, நல்லபடியா முடியட்டும்"னு சொல்லிட்டுப் போனாங்க. எங்க ரெண்டாவது குழந்தை இன்னும் உண்டாகவே இல்லை, அதுக்குள்ள இருபத்துநாலு வீட்டுக்கும் அதைத் தெரியும்.

அப்புறம் வந்தது அம்பத்தெட்டாவது நாள், போன ஞாயிற்றுக்கிழமை. வாசல் ஆணியில் எப்பவும் தொங்குமே அவருடைய கம்பெனிக் கோட்டு, நீலம், முதுகில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பேர் போட்டது, அதைத் துவைக்கலாம்னு எடுத்தேன். உள்பையில் ஒரு தீப்பெட்டி. கூடவே ஒரு காகிதத்தில் பத்திரமாச் சுருட்டின ரெண்டு சிகரெட் துண்டு. கோட்டைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் போட்டேன். "எத்தனை நாளா நடக்குது இது?" என்றேன். உங்க தம்பி கோட்டைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கலை. "இல்லை"ன்னாவது சொல்லக் கூடாதா? பொய்யாவது சொல்லக் கூடாதா? சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஃபிரிட்ஜிலேர்ந்து அட்டவணையைப் பிய்ச்சு நாலாக் கிழிச்சேன். "என் பச்சை! என் பச்சை!"ன்னு பொடிசு அழுது, அழுகையிலேயே இருமல் வந்து, நெபுலைசர் வைக்கிற அளவுக்குப் போயிடுச்சு. புது அட்டவணை ஒட்டியாச்சு, ஒண்ணுலேர்ந்து. அவரும் வாயைத் திறக்காம ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சிருக்கார். வெள்ளிக்கிழமையான இன்னியோட அஞ்சு. கட்டடமே துக்கம் கொண்டாடுது. வாட்ச்மேன் என் முகத்தைப் பார்க்கறதில்லை.

இந்த வீட்டில் மனுஷன்னு ஒருத்தர் இருக்கார்னா அது மாமா மட்டும்தான். அன்னிக்கு அவர் தட்டுல போட்ட சாப்பாட்டைத் தொடாமலே எழுந்துட்டார், பிள்ளையை நெனச்சு அவ்வளவு வருத்தம். இந்த அஞ்சு நாளா பாத்திரம் தேய்ச்சுத் தர்றார், பொடிசைப் பள்ளிக்கூடத்தில் விடறார், நான் ஆபீஸ்லேர்ந்து வந்ததும் டீ போட்டு நீட்டறார். ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தப்ப, உங்க கையைப் பிடிச்சு "இனிமே சிகரெட்டைத் தொடமாட்டேம்மா"ன்னு சத்தியம் பண்ணினாரே, இன்னிவரைக்கும் காப்பாத்தறார் பாருங்க. அறுபத்தெட்டு வயசுல அவரால முடியுது. முப்பத்திரண்டு வயசுல உங்க தம்பியால முடியலை. அவரைப் பார்த்துக் கத்துக்கட்டும்.

ஆகவே அக்கா, நான் முடிவு பண்ணிவிட்டேன். பொடிசு ஒருத்தி போதும். துணை கிணை எதுவும் கிடையாது. இனிமேல் ஃபோனில் அந்தப் பேச்சை எடுக்கிறதாக இருந்தால், முதலில் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "நீ அந்த மூணு மாசம் என்னடா பண்ணினே, இப்ப அம்பத்தெட்டு நாள் என்னடா பண்ணினே"ன்னு கேட்டுவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள். ஏசியைப் பற்றியும் ஐஸ் தண்ணீரைப் பற்றியும் இனிமேல் நான் "ம்" கொட்டுவதாக இல்லை.

அண்ணாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், நெஞ்சில் சளி கட்டாமல் ஓடி விளையாடட்டும். பெரியவங்க நீங்க, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் எங்களை ஆசீர்வதியுங்கள். வைத்துக்கொண்டாலும் ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
கோபத்தோடும் பணிவோடும்,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: காலை எட்டு மணி. சனிக்கிழமை. கவரை ஒட்டியிருந்தேன், திரும்பப் பிரிச்சு எழுதறேன்.

ஆறே முக்காலுக்கு எழுந்து, எல்லாரும் எழுந்திருக்கறதுக்குள்ள இதைத் தபால் பெட்டியில போட்டுட்டு வந்துடலாம்னு கீழே போனேன். மோட்டார் ஷெட்டுக்குப் பின்னாலேர்ந்து புகை. எட்டிப் பார்த்தா, அந்த நீலக் கோட்டு. முதுகுல கம்பெனிப் பேர். "வெட்கமா இல்லை? புது அட்டவணையில அஞ்சு நாள் தாண்டலை, அதுக்குள்ளயா? இந்த அழகுல உனக்கு ரெண்டாவது குழந்தை வேற கேக்குதா?"ன்னு கத்தினேன். மாடியில மூணு ஜன்னல் திறந்தது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல உங்க தம்பியை நான் "நீ"ன்னு சொன்னது இதான் முதல் தடவை. அதுவும் அவருக்குப் போய்ச் சேரலை.

திரும்பினது மாமா.

கையில சிகரெட் அப்படியே நிக்குது. ரொம்ப மெதுவா, "எனக்கு இனிமே யாரும்மா பொறக்கப் போறாங்க?"ன்னு கேட்டார்.

ஜன்னல்ல யாரோ சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்திருக்கணும். மாமா காலையில நடக்கப் போறார்னு தெரியும், எதை மாட்டிக்கிட்டுப் போறார்னு நான் பார்த்ததே இல்லை, அந்த நேரம் நான் எழுந்திருக்கவே மாட்டேன். "நாளைக்கு ஒண்ணு, அதோட சரின்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டே இருக்கேம்மா. அவகிட்ட சொல்லிடாதே"ன்னார். அவன்னா நீங்கதான். சொல்லமாட்டேன்னு சொன்னேன். எழுதமாட்டேன்னு சொல்லலை.

மேல வந்து உங்க தம்பியை எழுப்பி, அன்னிக்கு ஏன் வாயைத் திறக்கலைன்னு கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கிட்டே சொன்னார்: "நீ 'எத்தனை நாளா'ன்னு கேட்டே. 'யாரோடது'ன்னு கேக்கவே இல்லையே." அக்கா, ஒரு நாளைக்கு நூறு படிவம் பார்க்கறவ நான். பதிலை நானே எழுதி வெச்சுட்டுக் கேள்வி கேட்டிருக்கேன். "சரி, 'நான் இல்லை'ன்னாவது சொல்லியிருக்கலாமே?"ன்னேன். "நான் இல்லைன்னா வேற யாரு? வீட்டுல இருக்கறதே ரெண்டு ஆம்பளை. அப்பா அக்காவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கார். அதை உடைக்கறதைவிட நான் இன்னொரு நூறு நாள் எண்ணிடறது சுலபம்"னு சொல்லிட்டு, திரும்பப் போர்வையை இழுத்துக்கிட்டார்.

அதனால நேத்து எழுதினதுல, தீப்பெட்டிக்கு அப்புறம் உங்க தம்பியைப் பத்தியும் மாமாவைப் பத்தியும் இருக்கறதையெல்லாம் அடிச்சுட்டுப் படிங்க. இப்ப சிவப்புப் பேனாவை எடுத்துக்கலாம். ஏசி, ஐஸ் தண்ணி, துப்பறியும் கதை, அந்தப் பகுதியில மட்டும் கை வைக்காதீங்க. அது அப்படியே நிக்குது.

இன்னும் ஒண்ணு, இதை எழுதறப்ப எனக்குக் கோபம்கூட வரலை. அந்தக் கோட்டு தொங்கற ஆணிக்கு நேர் கீழே இருக்கறது பொடிசோட பள்ளிக்கூடப் பை. மாமா அவளைக் கடைக்குத் தூக்கிக்கிட்டுப் போறதும் இத்தனை நாளா அந்தக் கோட்டோடதானாம், இப்பத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப வீட்டுல யாராவது பிடிக்கறாங்களா, துணியில வாசனை இருக்கான்னு டாக்டரம்மா கேட்டாங்களே. நான் நாலு வருஷத்துக்கு முந்தின மூணு மாசத்தைத் துருவிக்கிட்டிருந்தேன். அதனாலதான் வீசிங்னு நான் சொல்ல வரலை, அப்படிக் கை காட்டிச் சொல்ல முடியாதுன்னுதானே தேதி போட்டு எழுதி வெச்சிருக்கேன். ஆனா மாமா கேட்ட கேள்விக்குப் பதில் அந்தப் பைக்குச் சொந்தக்காரிதான். பொறக்கப் போறவங்க இல்லைன்னா என்ன, பொறந்தவ இருக்காளே. இதை என்னால அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியலை, டீ டம்ளரை நீட்டிக்கிட்டு நிக்கறார். நீங்க சொன்னா கேப்பார். திட்டாம சொல்லுங்க.

கிழிச்ச அட்டவணையைக் குப்பைக் கூடையிலேர்ந்து எடுத்து செல்லோ டேப் போட்டு ஒட்டியாச்சு. விட்டுப்போன அஞ்சு கட்டத்துக்கும் பொடிசு ஒரே மூச்சுல பச்சை அடிச்சு முடிச்சுட்டா. பச்சைக் கலர் குச்சி தேய்ஞ்சுபோச்சு. அறுபத்துமூணு. இன்னும் முப்பத்தேழு நாள் இருக்கு. துணை கிணை கிடையாதுன்னு மேல எழுதியிருக்கேனே, அதைப் பென்சில்ல எழுதினதா வெச்சுக்கோங்க.

சீக்கிரம் பதில் எழுதுங்க அக்கா.